பத்துக் கிலோ பேரிக்காய்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முதல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிறவளுக்குக் குழந்தைகள் வைத்த பெயர் ஊசியம்மா. முதலில் குழந்தைகள் சொன்னார்கள், அப்புறம் அவர்களைக் கூட்டி வந்த அம்மாக்கள் சொன்னார்கள், கடைசியில் கூட வேலை செய்கிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. முழங்கை மடிப்பில் ஒரு விரலை வைத்தால் போதும், எந்த நரம்பும் அவளிடம் ஒளிய முடியாது. "முடிஞ்சுதா?" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களிடம், "எப்பவோ முடிஞ்சுது, எழுந்திருங்க" என்பாள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அக்காவும் செய்துகொள்ளாமல்தான் இருந்தாள். இவளைவிட ஆறு வயது மூத்தவள், தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அப்பா அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். அக்காவுக்கு வாய் ஓயாது. குழாய் சொட்டுவதில் ஆரம்பித்து, எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்தும் லட்சணம் வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பாள். பதில்கூட வேண்டியதில்லை. நடுநடுவே "ம்" போட்டால் போதும். அந்த "ம்" போடுவதுதான் ஊசியம்மாவின் வேலை.

அந்த அக்கா ஐம்பத்தெட்டு வயதில், ஏழு மாதத்துக்கு முன்னால், கண்ணாடிக்கடைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மனைவியை இழந்தவர், அமைதியானவர், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் சொந்த வீடு. "ஒரே வருஷத்துல நாலு தடவை கண்ணாடி மாத்தினா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்று ஊசியம்மா லேபில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது சிரிக்க ஒன்றும் இல்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் கோபப்படலாம். ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அழலாம். நல்லபடியாக வாழப் போனவளை நினைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் பழக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து இரண்டு பெட்டிகளைக் கதவருகே இறக்கினார். உள்ளே பேரிக்காய். பச்சையாக, சிறியதாக, கல்லைப்போல.

"என்னங்க இது?"

"வருஷா வருஷம் கொண்டு வர்றதுதானே. பத்துக் கிலோ. அக்கா போன தடவையே சொல்லி வெச்சிருந்தாங்க, ஊறுகாய்க்குன்னு. எங்க, உள்ள இருக்காங்களா?"

"அக்கா இப்ப இங்க இல்ல."

"வந்ததும் சொல்லுங்க, இந்த வருஷம் காய் நல்லா கெட்டியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் பாதிப் படி இறங்கிவிட்டார். கீழே வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டில் பேரிக்காய் இனிப்பு ஊறுகாய் போடுவார்கள். தோல் சீவி, இரண்டாக வெட்டி, விதையைத் தோண்டி எடுத்துவிட்டு, வினிகரும் சர்க்கரையும் கலந்த பாகில் பட்டை, கிராம்பு, இஞ்சியோடு வேகவைத்து, சூடாகவே பாட்டிலில் அடைத்து மூட வேண்டும். ஆறு வாரம் ஊறினால் துண்டுகள் தேன் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் இதில் ஊசியம்மாவின் பங்கு சீவுவது மட்டும்தான். ஜன்னலைப் பார்த்து மேஜையருகே உட்கார்ந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே சுருளாகத் தோலை எடுப்பாள். பின்னால் அக்கா என்ன போட்டாள், எவ்வளவு போட்டாள் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொஞ்சம் கொடுக்கலாம் என்று ஒரு பை நிறையக் கொண்டு போனாள். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். மரியாதைக்கு நாலு காய் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். மேலே வந்து அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

"அய்யய்யோ, சொல்லி வெச்சதையே மறந்துட்டேன்டி" என்றாள் அக்கா. பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், யாரோ எதையோ நகர்த்துகிற சத்தம். "இவருக்கு வினிகர் வாசனையே ஆகாது. இங்க கொண்டு வந்து போடவும் முடியாது. யாருக்காவது குடுத்துடு. நீ ஒருத்தியா அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

அந்த 'ஒருத்தியா' சுருக்கென்று தைத்தது. அக்கா வேண்டுமென்று சொல்லவில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"ஒருத்தி எங்க?" என்றாள் ஊசியம்மா. "லேப்ல இருந்து நாலு பேர் வராங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து போடறதா இருக்கோம்."

மறுமுனையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"நாலு பேரா?"

"ஆமா. அளவு கேக்கத்தான் ஃபோன் பண்ணேன்."

"ரெண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு வினிகர். கிராம்பு கொஞ்சம், பட்டை ரெண்டு மூணு. மத்ததெல்லாம் கண்ணால பாத்துப் போடறதுதான்" என்றாள் அக்கா. வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுகிறவள், "சரி வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் அது பொய் இல்லையே என்று ஊசியம்மா நினைத்தாள். அடுத்த இரண்டு நாளும் லேபில் அதற்கு முயற்சி செய்தாள். முயற்சி என்றால், டீ குடிக்கிற நேரத்தில் பொதுவாக எல்லாரையும் பார்த்து, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். மைக்ரோஸ்கோப் பார்க்கிறவர் பையனின் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். சீட்டு எழுதுகிற பெண், மாமியார் வருகிறார், இரண்டு நாள் ஊமையாக இருக்கப் போகிறேன் என்றாள். இன்னொருத்தி தூங்கப் போகிறாளாம். அவர்கள் பதில் சொல்லிவிட்டு, "நீங்க?" என்று கேட்டார்கள்.

"கொஞ்சம் சமையல் வேலை இருக்கு" என்றாள்.

"நல்லது" என்றார்கள். அது அழைப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி அவள் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தனியாக ஆரம்பித்தாள். சீவின காய் கறுக்காமல் இருக்க, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டாள். முதல் மூன்று கிலோ சீவி முடித்ததும் பாகைக் கூட்டி, காயைப் போட்டு, அடுப்பில் வைத்துவிட்டு, மறுபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து அடுத்த காயை எடுத்தாள். கை வேலை செய்தது. பின்னால் பாகு தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்டது. பட்டை வாசனையும் வினிகர் நெடியும் வழக்கம்போல வந்தன. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீவிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே தோன்றவில்லை.

எழுந்து பார்த்தபோது பாத்திரத்தில் துண்டுகள் இல்லை. கூழ்தான் இருந்தது. கரண்டியை விட்டால் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று கிலோ.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும்போல இருந்தது. ஆனால் மீதி ஏழு கிலோ, சீவினதும் சீவாததுமாக, இன்னும் காத்துக் கிடந்தது. கூழை ஒரு டப்பாவில் வழித்து வைத்தாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு மேஜையைப் பிடித்து இழுத்து, நாற்காலியை மறுபுறம் போட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷமாக இருந்த சமையலறை இந்தப் பக்கத்திலிருந்து வேறு வீடு மாதிரி இருந்தது. அடுப்புக்கு மேல் சுவரில், அக்கா சாய்ந்து நிற்கிற இடத்தில், தோள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மங்கலாக ஒரு கறை இருந்தது. அதை அவள் இன்றுதான் பார்த்தாள்.

இந்தத் தடவை பாகு கொதி வந்ததும் ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்திப்பு. ஒவ்வொரு வருஷமும் இருந்த அதே தித்திப்பு. முதல் வாய்க்கு நன்றாக இருக்கும், இரண்டாவது துண்டுக்குத் தொண்டையைக் கட்டும். தனக்கு இது ஒருநாளும் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை, தட்டில் வைத்ததைத் தின்றாகிவிட்டது.

அரைப் பங்கு வினிகரைக் கூடுதலாக ஊற்றினாள். இஞ்சியை இரண்டு மடங்காக நறுக்கிப் போட்டாள். முழு மிளகு ஒரு பிடி போட்டாள். மறுபடி நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு, அப்புறம் காரம், கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு தித்திப்பு. தலையை ஆட்டிக்கொண்டாள். காயைப் போட்டுவிட்டு, ஊசியால் குத்திக் குத்திப் பதம் பார்த்தாள். நரம்பு தேடுகிற கைக்கு வெந்த பதம் பிடிபட நேரமாகவில்லை. உள்ளே நுழையும்போது ஒரு சின்னத் தடை இருக்க வேண்டும், அது விலகி வழிவிட வேண்டும். அந்தக் கணத்தில் இறக்கினாள். துண்டுகள் முழுசாக நின்றன.

இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா நின்றாள். நல்ல சேலை, தலைமுடிக்குப் புதுச் சாயம், கையில் பெரிய பிஸ்கட் டப்பா.

"நாலு பேர் வராங்கன்னியே. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா கீழே பார்த்தாள். கதவோரத்தில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

"இப்பதான் போனாங்க" என்றாள் ஊசியம்மா.

அக்கா உள்ளே வந்தாள். மேஜையில் ஒரு கத்தி, ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு நாற்காலி.

"நாலு பேரும் ஒரே கத்தியிலயா சீவினாங்க?"

ஊசியம்மா எப்போதும்போல "ம்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. "யாரும் வரலக்கா" என்றாள். "நான் யாரையும் கூப்பிடவே இல்ல."

அக்கா பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்தாள். சேலையைக் கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாலு பேருன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு நாலு நாளா சாப்பாடு இறங்கல" என்றாள். "அடுப்புகிட்ட யார் நிப்பா, யார் கிளறுவான்னு. என்னமோ மனசே ஆறல. இவர்கிட்டகூட சொல்லல. பழைய ஆஃபீஸ் தோழியைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"இதைப் பாக்கவா வந்த?"

"வேற எதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஊசியம்மாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆனால் அக்கா எழுந்து அடுப்பருகே போய்க் கரண்டியை எடுத்தாள். பாகை ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரை பத்தல. மிளகு வேற போட்டிருக்கியா? யாரு சொன்னா உனக்கு?" என்று சர்க்கரை டப்பாவைத் தேடிக் கை நீட்டினாள்.

"வேண்டாம். எனக்கு இப்படித்தான் பிடிக்கும்."

"இத்தனை வருஷம் நான் போட்டதைத்தானே சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்."

"பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நீ கேட்டதில்லையே."

அக்காவின் கை டப்பாவின் மேலேயே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தன் வீட்டில் தெரியாமல் யாரோ ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்தோமோ என்று பார்க்கிற மாதிரி தங்கையைப் பார்த்தாள். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சரி, நான் சீவறேன்" என்று மேஜைக்குப் போனாள்.

அக்காவுக்குச் சீவ வராது. தோலோடு பாதிக் காயும் போனது. ஊசியம்மா பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, துண்டுகளை அடுக்கி, பாகை ஊற்றி மூடினாள். பேச்சு அவ்வளவாக இல்லை. நாலரை மணிக்கு அக்காவின் ஃபோன் அடித்தது. ரத்த அழுத்த மாத்திரை எங்கே இருக்கிறது என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். "பாட்டில் சூடா இருக்கு. அடுத்த வாரம் வந்து ரெண்டு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவருக்குக் கண்ணில் ஏதோ சின்ன ஆபரேஷன். கண்ணாடிக்கடைக்காரருக்கே கண்ணா என்று ஃபோனில் இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டது. ஊசியம்மா இரண்டு பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள்.

கதவைத் திறந்தது அவர். அக்கா கடைக்குப் போயிருந்தாள். "வாங்க, வாங்க, இப்ப வந்துடுவா" என்று உட்கார வைத்தார். கல்யாணம் ஆகி எட்டு ஒன்பது மாதமாகியும் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஊசியம்மாவுக்குப் பிடிபட்டிருக்கவில்லை. "இங்க பாருங்க" என்றே சமாளித்து வந்தாள். வந்த விருந்தாளியிடம் என்ன பேசுவது என்று அவருக்கும் பிடிபடவில்லை. பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுதான் அந்த ஊறுகாயா?" என்று ஒரு ஸ்பூனும் தட்டும் கொண்டு வந்தார்.

"உங்களுக்கு வினிகர் ஆகாதே."

"பரவாயில்ல." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். மரியாதைக்கு இன்னொரு துண்டும் எடுத்தார். அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க அக்கா அங்க இருந்தப்ப எப்படி, பேசுவாளா?"

ஊசியம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "அக்காவா? வாயே ஓயாதே."

"அப்படியா" என்றார் அவர். "இங்க அதிகம் பேசறதில்ல. கேட்டா பதில் சொல்றா. எல்லாம் ஒழுங்கா பண்றா. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கும் பேசத் தெரியாது. சாயங்காலம் ரெண்டு பேரும் இந்த ரெண்டு நாற்காலியில உக்காந்திருப்போம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு இங்க பிடிக்கலையோன்னு சில சமயம் தோணும்."

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு இருக்கிற வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாமல் இருக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அக்கா இங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதாகவும், இவர் "ம்" போட்டுக்கொண்டிருப்பதாகவும் இத்தனை நாள் மனசுக்குள் நினைத்து நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். புது வீட்டில் குறை சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்று அக்கா வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள். அக்காவின் பேச்செல்லாம் குறையில்தானே ஆரம்பிக்கும்.

"எல்லாம் ஒழுங்கா இருந்தா அவளுக்குப் பேச ஒண்ணும் கிடைக்காது, அத்தான்" என்றாள் ஊசியம்மா. அந்தச் சொல் எப்படியோ வந்துவிட்டது. "எதையாவது தப்பா பண்ணுங்க. துணியை ஈரமா கட்டில்ல போடுங்க. சாமானை இடம் மாத்தி வைங்க. தானா ஆரம்பிப்பா. ஆரம்பிச்சிட்டா நீங்க 'ம்' சொல்லிட்டே இருந்தா போதும். நிறுத்தினா மட்டும் கோவம் வரும்."

அவர் இதை மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். அக்கா வர நேரமாகும்போல இருந்தது. கடைசி பஸ்ஸைக் காரணம் சொல்லிவிட்டு ஊசியம்மா கிளம்பினாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அக்காவைப் பார்த்தால் எல்லாவற்றையும் உளறிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஃபோன் வந்தது.

"அவர்கிட்ட என்னடி சொல்லிட்டு வந்த?" என்றாள் அக்கா. "டீயில உப்பைப் போட்டு வெச்சிருக்கார், மனுஷன். சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எதுன்னு எத்தனை மாசமா எழுதி ஒட்டி வெச்சிருக்கேன். கண்ணாடிக்கடை வெச்சிருக்கறவருக்கு எழுத்து தெரியலன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது? அரை மணி நேரம் திட்டித் தீர்த்துட்டேன். உக்காந்து 'ம்', 'ம்'ன்னு கேக்கறார், சிரிப்பு வேற. அப்புறம் அந்த மாடிப்படி லைட்டு, அதைப் பத்தி நான் வந்த நாள்ல இருந்து சொல்லணும்னு..." என்று தொடங்கி மாடிப்படி விளக்கு, பக்கத்து வீட்டு நாய், அவருடைய சட்டைகளில் காணாமல் போன பொத்தான்கள் என்று போய்க்கொண்டே இருந்தாள். ஊசியம்மா "ம்" போட்டாள். திடீரென்று அக்கா, "இரு, அவர் கூப்பிடறார். பாதியில விட்டதை முழுசா சொல்லணுமாம். நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பேசவில்லை. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. பேச்சுக்கு இப்போது வேறு ஆள் கிடைத்துவிட்டது. கிடைக்கச் செய்தது இவளேதான்.

அந்த வாரக் கடைசியில் அவள் தனக்கென்று ஒரு பாட்டிலைத் திறந்தாள். துண்டுகள் தேன் நிறத்துக்கு வந்திருந்தன. மேஜையருகே அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து ஒரு துண்டு தின்றாள். நன்றாக வந்திருந்தது. புளிப்பும் காரமும் அவள் நினைத்த இடத்தில் நின்றன. இரண்டாவது துண்டு தின்றாள், தொண்டையைக் கட்டவில்லை. மூன்றாவதும் தின்றாள். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் குரல் அந்த அறைக்குச் சற்று உரக்கவே இருந்தது.

பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள். வெள்ளைக் கோட்டை எடுத்து, காலரில் இருந்த கசங்கலை நீவி, நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்தாள்.